‘ஆரணிப் பட்டு’ என்று கூகுளில் தேடினால் சில கடைகள் மட்டும் முதலில் வருவது ஏன்?

புவிசார் குறியீடு பெற்றது ஆரணிப் பட்டு. ஊரில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் பல. போனில் தேடினாலோ நாலைந்து கடைகள்தான் கண்ணில் படுகின்றன. மற்றவை எங்கே?

கல்யாணப் பட்டு எடுக்க ஆரணிக்கு வருகிறீர்கள். யாரிடம் விசாரிப்பீர்கள்? பத்துப் பேர் ஒரே கடையைச் சொன்னால் நம்பிக்கை வரும். நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்த நெசவாளர் ஒருவர் சொன்னால்? அந்த ஒரு சொல்லே போதும்!

லாரி பேஜும் செர்கே பிரினும் ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது இந்த யோசனையைத்தான் கணக்காக்கினார்கள். அதிலிருந்து 1998இல் கூகுள் பிறந்தது. ஒரு இணையதளம் இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுத்தால் அது சிபாரிசு. சிபாரிசு செய்பவருக்கு நல்ல பெயர் இருந்தால் எடை கூடும். இன்று வேறு பல விஷயங்களையும் கூகுள் பார்க்கிறது. ஆனாலும் சிபாரிசின் மதிப்பு போகவில்லை.

‘ஆயிரம் லிங்க் போட்டுத் தருகிறோம்’ என்று காசு கேட்பவர்கள் உண்டு. பஸ் ஸ்டாண்டில் கூலிக்கு ஆள் நிறுத்திப் புகழச் சொல்வது போலத்தான் இது. 2012இல் தன் தேடல் முறையில் செய்த ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தால் இத்தகைய தளங்களைக் கூகுள் கீழே தள்ளியது.

இன்னொன்று: கூகுள் முக்கியமாகப் படிப்பது எழுத்தை. கடைக்காரர்கள் தங்கள் தளத்தில் சேலைப் படம் மட்டும் போட்டால் போதாது. பாவு எப்படி ஓடுகிறது, அசல் ஜரிகையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தமிழில் எழுதுங்கள். பயன்பட்டவர்கள் தாமாகவே இணைப்புக் கொடுப்பார்கள். லிங்க் வாங்கும் காசைத் தறிக்குச் செலவிடுங்கள்.