பிள்ளை யாருக்கு?

கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டனர் என்ற செய்தி பரவியதும் எம்மவர் மத்தியில் முதலில் எழும் வினா, "பிள்ளை யாருக்கு?" என்பதே. ஊரில் இதற்கு ஒரு விடை இருந்தது. இலங்கையில் வழங்கிய உரோமன் டச்சுச் சட்ட மரபு, பிள்ளைக்குக் கேடில்லாதவிடத்துத் தந்தைக்கே முன்னுரிமை அளித்து வந்தது. இங்கிலாந்தும் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு தாய்மார் நீதிமன்றத்தை நாட 1839ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது.

இன்று இங்கிலாந்தின் குடும்ப நீதிமன்றம் இந்த வினாவையே கேட்பதில்லை. 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் 1991 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது 'கஸ்டடி' உத்தரவுகள் கைவிடப்பட்டன. 2014 ஏப்ரல் முதல், பிள்ளை எவருடன் வாழ்வது, மற்றவரை எப்போது சந்திப்பது என்பவற்றை ஒரே உத்தரவு வகுக்கின்றது. வெற்றி, தோல்வி என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. எம்மவரோ இன்றும் காணி வழக்குப் போலவே இதனையும் நடத்த முனைகின்றனர்.

நீதிபதிக்கு முதன்மையானது பிள்ளையின் நலன். பிள்ளையின் தேவைகள், வயது, பின்னணி, பெற்றோரின் ஆற்றல் ஆகியன கருத்திற் கொள்ளப்படும். இவற்றுள் எம்மவர் கவனியாது விடுவது, வாழ்க்கை மாறுவதால் பிள்ளைக்கு ஏற்படக்கூடிய பாதிப்பு ஆகும். சண்டையின்போது, "இரண்டு கிழமை பார்க்கட்டும்" என்று பிள்ளையை விட்டுச் சென்றவர் ஆறு மாதம் கழித்து நீதிமன்றம் செல்லும்போது, பிள்ளை அந்த வீட்டிலேயே வேரூன்றியிருக்கும். தாமதம் பிள்ளைக்குத் தீங்கு என்று சட்டமே கருதுகின்றது.

பன்னிரண்டு வயதானால் பிள்ளையே தீர்மானிக்கலாம் என்பதும் வெறும் கதை. அவ்வாறு வயதெல்லை எதுவும் வகுக்கப்படவில்லை. பிள்ளையின் விருப்பம் வயதுக்கும் விளக்கத்துக்கும் ஏற்ப மதிக்கப்படும். தேவைப்படின், 'காஃப்காஸ்' அமைப்பின் அதிகாரி பிள்ளையுடன் தனியே உரையாடி நீதிமன்றத்துக்கு அறிக்கை அளிப்பார். வீட்டில் சொல்லிக்கொடுத்த பாடத்தை அனுபவமுள்ள அதிகாரி இனங்காண்பது அரிதன்று.

சீதனம், மாமியார், சாதி, குடும்ப மானம் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுப்பதால் பயன் சிறிதே. வன்முறை அவ்வாறன்று. "பிள்ளைக்கு நான் அடிக்கவில்லையே" என்ற வாதம் இனி எடுபடாது. வீட்டில் நிகழும் வன்முறையைக் கண்டோ கேட்டோ பாதிப்புறும் பிள்ளையும் பாதிக்கப்பட்டவரே என 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் கூறுகின்றது. தனியார் குடும்ப வழக்குகள் பெரும்பாலானவற்றுக்கு 2013 ஏப்ரல் முதல் அரச சட்ட உதவி இல்லை. எனினும் வன்முறைக்குச் சான்று உள்ளவர்கள், வருமான வரம்புக்குட்பட்டிருப்பின், அதனைப் பெறலாம். ஆகவே வைத்தியரின் கடிதத்தையும் பொலிஸாரின் முறைப்பாட்டு இலக்கத்தையும் எறிந்துவிடாதீர்கள்.

"வீட்டை விட்டுப் போனால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பிள்ளை என்னோடுதான்" என்ற மிரட்டலுக்கு அஞ்சி அடங்கிக் கிடக்கும் தாய்மார் உளர். விசா உறுதியாக உள்ளவருக்கே பிள்ளை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. விசா வழங்குவது உள்துறை அமைச்சின் வேலை. குடும்ப நீதிபதியின் வேலையன்று. கணவரின் விசாவில் தங்கியிருந்து, வன்முறையினாற் பிரிந்த பெண்கள் பலருக்குத் தனியே விண்ணப்பிக்கவும் வழியுண்டு. ஆனால் காலம் கடத்தாது குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரை அணுகவேண்டும்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கோ சென்னைக்கோ போய்விடுவது தீர்வாகாது. மற்றப் பெற்றாரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இன்றி வெளிநாடு கொண்டு செல்வது 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகலாம். தன்னுடனேயே பிள்ளை வாழவேண்டுமென உத்தரவு பெற்றவர் ஒரு மாதத்துக்குட்பட்ட பயணம் செல்லலாம். கடத்தப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இலங்கை 2001இல் இணைந்தது, இந்தியா இணையவில்லை. ஆதலால் இந்தியப் பயணம் எனில் நீதிபதிகள் கூடிய எச்சரிக்கை காட்டுவர்.

இறுதியாக ஒன்று. ஆங்கிலம் போதாதவர்கள் முன்கூட்டியே அறிவித்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே இலவசமாக ஏற்பாடு செய்யும். இதனை அறியாதோ, அறிந்தும் வெட்கத்தினாலோ, மூத்த பிள்ளையைச் சட்டத்தரணியிடம் அழைத்துச் சென்று, தந்தையின் குற்றங்களைத் தாய்க்காக மொழிபெயர்க்கச் செய்வோர் உளர். தயவுசெய்து அப்பிள்ளையை அன்று பாடசாலைக்கு அனுப்பிவிடுங்கள்.