அடுப்படியில் ஆண்டவர் – 9: பீப்பாய்களின் மேல் ஒரு துறவி

போன வாரம் கொரிந்துவில், ஆக்கில்லா வீட்டில் கூடாரம் தைத்துக்கொண்டிருந்த பவுலோடு நிறுத்தியிருந்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் செருப்புத் தைத்த ஒரு துறவியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அவரைத் தேடிப் போன இடத்தில் ஒரு படகைப் பார்த்தேன். நாலு நாளாக மனசு அந்தப் படகிலேயே கிடக்கிறது.

அவர் பெயர் நிக்கோலா எர்மன். 1614 வாக்கில் பிரான்சின் லொரேன் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காலில் அடிபட்டு, ஆயுசுக்கும் நொண்டியானவர். பிறகு ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஏவலாள். கை பட்டதெல்லாம் உடையும். 1640-ல் பாரிசில் காலணி அணியாத கார்மேல் துறவிகளின் மடத்தில் சேர்ந்தார். சகோதரர் லாரன்ஸ் என்று உலகம் அறிவது இவரைத்தான். தன்னுடைய தடுமாற்றத்துக்கெல்லாம் மடத்தில் நல்ல தண்டனை கிடைக்கும், அதைச் சுமந்து ஜீவியத்தைக் கழிக்கலாம் என்று நினைத்துத்தான் போனாராம். கிடைத்ததோ சந்தோஷம் மட்டும். ஆண்டவர் தன்னை ஏமாற்றிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

மடத்தில் அவருக்கு விழுந்த வேலை சமையல். சமையல் என்றாலே அவருக்கு ஆகாது. இதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். பிடித்த வேலையைத் தேடிப் பிடி, சந்தோஷம் தானாக வரும் என்று இன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இவர் பிடிக்காத வேலையில் பதினைந்து வருஷம் நின்றார், அங்கேயே சந்தோஷமாகவும் இருந்தார்.

இனி படகு. மடத்துக்குத் திராட்சரசம் வாங்க இவரை பர்கண்டிக்கு அனுப்பினார்கள். 1666-ல் தன்னைப் பார்க்க வந்த ஜோசப் த பொஃபோர் என்ற குருவிடம் லாரன்ஸே இதைச் சொல்கிறார். பேரம் பேசத் தெரியாது, கணக்கு வழக்கில் சாமர்த்தியம் கிடையாது, காலும் ஊனம். படகில் எழுந்து நடக்க முடியவில்லை. அதனால் பீப்பாய்களின் மேல் படுத்து உருண்டு உருண்டே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனார்!

அந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. தடித்த கம்பளி அங்கி. அடியில் மரப் பீப்பாய், அதன் வளையம் விலாவில் அழுந்தியிருக்கும். அந்தக் காலத்தில் பர்கண்டி ரசம் யோன் ஆற்றில் இறங்கி, சீன் நதி வழியாகப் பாரிஸ் வரும். படகுக்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அவருக்கு அதைப் பற்றியும் கவலையில்லை, வாங்கப் போகிற சரக்கைப் பற்றியும் கவலையில்லை. இது உம்முடைய காரியம் ஆண்டவரே என்று ஒப்படைத்துவிடுவார். பிறகு பார்த்தால் காரியம் நன்றாகவே முடிந்திருக்கும். அதற்கு முந்தின வருஷம் ஓவெர்ன் பகுதிக்கு இதே வேலையாகப் போனபோதும் அப்படித்தானாம்.

நான் ஒரு வேலையை ஜெபத்தோடுதான் தொடங்குவேன். தொடங்கிய அடுத்த நிமிஷம் அதைத் திரும்ப என் தலையில் தூக்கி வைத்துக்கொள்வேன். லாரன்ஸ் ஒப்படைத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் போர்டிங்கில் என் அத்தை சமையல் செய்தாள். லாரன்ஸ் பெயரை அவள் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. விடியக்காலம் நாலு மணிக்கு அரிவாள்மனை முன்னால் குத்தவைத்துத் தேங்காய் துருவுவாள். ஒரு மூடிக்கு ஒரு பிள்ளையின் பெயர். உதடு மட்டும் அசையும். காய்ச்சலில் படுத்த பிள்ளை, பரீட்சையில் தவறிய பிள்ளை, ஊரிலிருந்து கடிதமே வராத பிள்ளை. “கை வலிக்கலையா அத்தை?” என்று ஒரு நாள் கேட்டேன். “வலிக்கத்தான் செய்யுது. இன்னும் ஆறு பிள்ளை பாக்கி இருக்குல்லா, பேசாம இருல” என்றாள். அந்த ஆறு மூடி முடியும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

லாரன்சின் சபையைச் சீர்திருத்தியவர் அவிலா தெரேசா. சட்டி பானைகளின் நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று தம் கன்னியருக்கு எழுதியவர் அவர். அத்தை அதை வாசித்திருக்க மாட்டாள். வாசித்திருந்தாலும், இதில் என்ன புதுசு என்றுதான் கேட்டிருப்பாள்.

செருப்புப் பட்டறைக்குப் போகாமலே பக்கம் நிறைந்துவிட்டது. காலில் புண் முற்றி, அடுப்பின் முன் நிற்க முடியாமல் போன பிறகுதான் லாரன்சை உட்கார்ந்து செருப்புத் தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அந்த வேலை அவருக்குப் பிடித்தே போயிற்று. பிடித்த வேலையில் ஆண்டவரை மறக்காமல் இருப்பது இன்னும் கஷ்டமாயிற்றே, அங்கே என்ன செய்தார்? அது அடுத்த வாரம்.