பழுது பார்த்தபின் எஞ்சின் குலுங்கினால்

மறுநாள் விடியலில் தந்தையாரை அழைத்துக்கொண்டு 200 கிலோமீட்டர் செல்ல வேண்டியிருந்தது. புறப்படுமுன் ஸ்பார்க் பிளக்குகளை நானே மாற்றிவிடலாம் என்று முனைந்தேன். நான்கையும் மாட்டிச் சாவியைத் திருப்பியதும், காலையில் சீராக ஓடிய எஞ்சின் குலுங்கிற்று. 'செக் எஞ்சின்' விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கூடவே தையல் இயந்திரம் போல் 'டிக் டிக்' என்றொரு சத்தம்.

மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பது இதைத்தான். ஏதோவொரு சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை. பெட்ரோல் மீதுதான் முதலில் பழி போட்டேன். ஆனால் காலையில் நன்றாக ஓடிய வண்டி மாலையில் தடுமாறினால், இடையில் நம் கை பட்ட இடங்களையே முதலில் ஐயுற வேண்டும். பிளக்குகளை எட்டுவதற்காக நான் கழற்றியவை ஏர் ஃபில்டர் பெட்டி, ஒரு ரப்பர் குழாய், நான்கு இக்னிஷன் காயில்கள்.

எஞ்சினை ஆறவிட்டு, காயில்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். மூன்றாவது அப்போதுதான் 'கிளிக்' என்று பூட்டிற்று, குலுங்கல் நின்றது. நிற்காதிருந்தால், ஐயத்திற்குரிய காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்திருப்பேன். குறையும் உடன் இடம்பெயர்ந்தால் காயிலே காரணம். இல்லையேல் பிளக்கையும் இன்ஜெக்டரையும் ஆராய வேண்டும். எந்தச் சிலிண்டர் என்பதை ஸ்கேனர் சொல்லும்: பி0301 முதலாவது, பி0304 நான்காவது. 'உஸ்' என்று காற்றிழுக்கும் ஓசை கேட்டால் ரப்பர் குழாய் கழன்றிருக்கலாம்.

'டிக் டிக்' மட்டும் ஓயவில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகமெடுத்தது. ஒரு பிளக்கைக் கையால் திருகியதோடு விட்டிருந்தேன். அதன் இடுக்கில் அழுத்தக் காற்று கசிந்திருக்கிறது. கையேட்டிலுள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கினேன். அளவு மீறினால் அலுமினியத் தலைப்பகுதியின் மரை கெட்டு, செலவு பன்மடங்காகும்.

விளக்கு சிமிட்டும்போது வண்டியை ஓட்டலாகாது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும். பிளக்கின் விலை சில நூறு ரூபாய். கன்வெர்ட்டரின் விலையோ பல ஆயிரம். வழக்கமான வாகனக் காப்பீடு இத்தகைய இயந்திரப் பழுதை ஏற்பதில்லை. எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து 'தடக் தடக்' என்று கனத்த ஒலி எழுந்தாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ சோதனையே வேண்டாம். உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு, இழுவை வண்டியை அழையுங்கள்.