காலை ஐந்து மணிச் சோறு, மதியம் ஒரு மணிப் பசி

“டாக்டர், வெளியே எதுவும் சாப்பிடலை. வீட்டுச் சாப்பாடுதான்.”

காஜாங் வட்டாரத்தில் பொதுமருத்துவம் பார்ப்பவர்களுக்கு இந்த வாசகம் மனப்பாடம். சொல்பவர் பாங்கியிலோ பாலாகோங்கிலோ தொழிற்சாலையில் வேலை செய்பவராக இருப்பார்; அல்லது தினமும் ரயிலேறிக் கோலாலம்பூர் அலுவலகத்துக்குப் போய் வருபவராக இருப்பார். வாந்தி தொடங்கியது முந்தாநாள் மாலை. நேற்று முழுக்க வயிற்றுப்போக்கு. கண் குழிந்து, நாக்கு வறண்டு, நிற்கும்போது தலை சுற்றும் நிலையில் மூன்றாம் நாள்தான் கிளினிக்குக்கு வருகிறார். அதற்குள் கரி மாத்திரை, போக்கை நிறுத்தும் மாத்திரை, அலமாரியில் மிஞ்சிக் கிடந்த ஆன்டிபயாடிக் என மூன்றையும் விழுங்கியாயிற்று. இப்போது வந்திருப்பதும் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்குவதற்காகத்தான்.

என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் பதில் வருகிறது. விடியற்காலையில் வடித்து, ஆவி பறக்கப் பென்டோ டப்பாவில் அடைத்து, பைக்குள் போட்டுக் கொண்டுபோன சோறு. முந்தின இரவு வைத்த கோழிக் குழம்பு.

நல்ல பழக்கத்தில் விழும் ஓட்டை

வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்ல பழக்கம். அதை விடச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு, நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. சோறு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பதை நம் கையிலேயே வைத்திருக்க வீட்டுச் சாப்பாட்டை விட்டால் வேறு வழியில்லை. சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ தட்டு, அதாவது கால்பங்கு சோறு, கால்பங்கு மீன் அல்லது கோழி, பாதித்தட்டு காய்கறியும் பழமும் என்ற அளவு, அறைகள் பிரித்த பென்டோ டப்பாவில் அழகாகப் பொருந்துகிறது. கைக்காசும் மிச்சம்.

ஓட்டை விழுவது கடிகாரத்தில். ஐந்து மணிக்குச் சமைத்து, ஐந்தரைக்கு மூடி போட்டு, ஒரு மணிக்குத் திறந்தால் இடையே ஏழரை மணி நேரம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஐந்து அடிப்படை விதிகளில் அடங்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் பெருகுகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் பகல் வெப்பம் 32, 33 டிகிரி. வெயிலில் நிறுத்திய காரோ, மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியோ இதைவிடப் பல டிகிரி கூடுதலாகக் காயும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஒரே ஒரு கிருமி, ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறையும் தூக்குச்சட்டியில்தான் சோறு கொண்டுபோனது. ஆனால் அந்தத் தூக்கு பெரும்பாலும் காலைப் பசியாறும் நேரத்திலேயே காலியாகிவிடும். 1890 முதல் மும்பையில் சாப்பாடு சுமக்கும் டப்பாவாலாக்கள் அலுவலகம் போகிறவர்கள் கிளம்பிய பிறகே வீடு வீடாகப் போய் அடுக்குகளை வாங்குகிறார்கள். சில மணி நேரத்தில் அது மேசைக்கு வந்துவிடுகிறது. பென்டோவைப் பெற்ற ஜப்பானிலோ, சோறும் கறியும் ஆறிய பிறகே மூடி போட வேண்டும், ஈரம் தங்கக் கூடாது, கோடையில் குளிர்க்கட்டி சேர்க்க வேண்டும் என்பவை வீட்டுக்கு வீடு தெரிந்த விதிகள். நாம் டப்பாவை மட்டும் வாங்கி வந்துவிட்டோம்.

கொதியில் சாகாத கிருமி

சோற்றில் வருவது பெரும்பாலும் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற கிருமி. மண்ணிலும் அரிசியிலும் இயல்பாகவே இருப்பது. உலை கொதித்தாலும் இதன் வித்துக்கள் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நீண்ட நேரம் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைக் கக்குகின்றன. சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வருவது அந்த நஞ்சால்தான்.

கையால் வருவது ‘ஸ்டெஃபிலோகாக்கஸ்’. மூக்கிலும் தோலிலும் விரல் வெட்டிலும் வாழும் இது, கையால் பிசைந்த தயிர்ச்சோறு, உரித்த முட்டை, தேங்காய்ச் சம்பல் ஆகியவற்றில் எளிதாகத் தொற்றும். முட்டையிலும் கோழியிலும் வருவது ‘சால்மொனெல்லா’.

இவை வெறும் வயிற்றுவலியோடு போய்விடும் என்று நினைப்பவர்கள் மூன்று ஆண்டுகளை நினைவில் வைக்க வேண்டும். 2013இல் கெடா மாநிலத்தின் யான் வட்டாரத்தில் ஒரு கல்யாண விருந்தில் கோழிக்கறி சாப்பிட்ட நால்வர் இறந்தார்கள். 2018இல் அதே கெடாவின் பாலிங்கில் லக்சா சாப்பிட்ட இருவர் இறந்தார்கள். 2024 ஜூனில் சிலாங்கூர் கோம்பாக்கில் ஒரு பள்ளி நிகழ்ச்சியின் உணவால் 17 வயது மாணவரும் ஒரு சிறு குழந்தையும் உயிரிழந்தார்கள். மூன்றிலும் சால்மொனெல்லாவே காரணமாகச் சொல்லப்பட்டது. இவை எதுவும் பென்டோ டப்பா அல்ல; பெருந்திரளுக்குச் சமைத்தவை. ஆனால் கிருமிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

நம்பிக்கைகளும் உண்மையும்

“வீட்டுச் சாப்பாடு ஒன்றும் செய்யாது.” காஜாங் சாத்தே தணலிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகிறது, நன்றாக வெந்து, சுடச்சுட அப்போதே வயிற்றுக்குள் போகிறது. அம்மா அன்போடு சமைத்த சாம்பார் ஏழரை மணி நேரம் பையில் கிடக்கிறது. எது ஆபத்து? கடையா வீடா என்று பார்ப்பதில் பயனில்லை. எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

“மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது.” சோற்றைப் புளிக்கவும் நாறவும் வைக்கும் கிருமிகள் வேறு, ஆளைப் படுக்க வைக்கும் கிருமிகள் வேறு. நஞ்சு ஏறிய சோறு பூப்போல வெள்ளையாக, மணமாகவே இருக்கக்கூடும். மூக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

“மைக்ரோவேவில் சூடு பண்ணிட்டேன்.” அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். சூடு கிருமியைக் கொல்லும். அது ஏற்கெனவே கக்கிவிட்ட நஞ்சைக் கொல்லாது. பேசில்லஸ் சீரியஸின் வாந்தி நஞ்சு 121 டிகிரியையே தாங்கும். 2008இல் பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் அறை வெப்பத்தில் கிடந்த ஸ்பகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டார். அன்றிரவே உயிர் போனது. அந்த அளவுக்குப் போவது மிக அரிது. ஆனாலும் சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை தவறு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

“பழைய சோறு தின்று வளர்ந்தவர்கள் நாங்கள்.” பழைய சோறு தண்ணீரில் ஊறி, லாக்டிக் அமிலக் கிருமிகளால் புளிப்பேறுவது. அந்தப் புளிப்பில் பல தீய கிருமிகள் பெருகத் திணறும். மூடிய டப்பாவுக்குள் புழுங்கிக் கிடக்கும் உலர்ந்த சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது. முன்னோர்கள் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டியதும் புளிப்பை நம்பித்தான். அதே புளிச்சோற்றின் மேல் அவித்த முட்டையையும் பொரித்த கோழியையும் வைத்துவிட்டு, புளி காப்பாற்றும் என்று இருக்க முடியாது. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்புக்கோ புளிப்பின் துணை இல்லவே இல்லை.

“சூடாக உள்ளே வைத்தால் பிரிட்ஜ் கெட்டுவிடும்.” இந்தப் பயத்தால் இரவுக் குழம்பு விடியும்வரை அடுப்பு மேலேயே கிடக்கிறது. அகலமான தட்டில் பரப்பினால் சோறு அரை மணி நேரத்தில் ஆறிவிடும். குழம்பை ஆழமில்லாத சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றினால் அதுவும் ஆறும். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டும் உள்ளே போக வேண்டும். இளஞ்சூடாக இருந்தாலும் பரவாயில்லை.

“கோழியை மஞ்சள் போட்டுக் கழுவிட்டேன்.” மஞ்சள் கோழியின் கிருமியை அழிப்பதில்லை. குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், பக்கத்தில் வைத்த கீரைக்கும் டப்பா மூடிக்கும் கிருமியைக் கொண்டு சேர்க்கிறது. முழுதாக வேக வைப்பதுதான் கொல்லும். பச்சைக் கோழி வெட்டிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்குவதை மட்டும் நிறுத்தினாலே எத்தனையோ வயிறுகள் பிழைக்கும்.

“கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணம்.” சால்மொனெல்லா வேலையைக் காட்ட ஆறு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை ஆகலாம். இன்று காலை குடித்த தேத்தண்ணீரைக் குறை சொல்லிவிட்டு, முந்தாநாள் டப்பாவை மறந்துவிடுகிறோம்.

அலமாரி வைத்தியம்

இங்கேதான் மருத்துவர்களின் பொறுமை கரைகிறது. பெரும்பாலான உணவு நச்சுகள் ஓரிரு நாளில் தானாகவே அடங்கக்கூடியவை. உடம்பைக் குலைப்பது நீரும் உப்பும் போவது; அதற்கு மேல் நாம் செய்யும் வைத்தியம்.

போக்கை நிறுத்தும் லோப்பராமைட் மாத்திரை, காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருக்கும்போது ஆபத்தானது. வெளியேற வேண்டிய கிருமியை உள்ளேயே கட்டிப்போடுகிறது. பெருங்குடல் வீங்கி உயிருக்கே கேடாக முடியலாம். சிறு குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. கரி மாத்திரை, அதே நேரத்தில் விழுங்கிய மற்ற மருந்துகளையும் உறிஞ்சி வீணாக்கக்கூடும். மிஞ்சிப்போன ஆன்டிபயாடிக் ஏற்கெனவே உருவான நஞ்சை ஒன்றும் செய்யாது. சில கிருமித் தொற்றுகளில் நிலைமையை இன்னும் மோசமாக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமானது என்பதற்காக அவர் மாத்திரையை வாங்கி விழுங்குவதை எந்த மருத்துவரால் ஏற்க முடியும்?

டீத்தூளை அள்ளி வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதும், குழந்தைக்குச் சாதிக்காய் உரசிக் கொடுப்பதும் இன்னும் நடக்கிறது. சாதிக்காய் அளவு மீறினால் குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தும். தூங்குகிறது, சரியாகிவிட்டது என்று பெற்றோர் நினைக்கும் நேரத்தில் குழந்தை துவண்டு கொண்டிருக்கலாம்.

100 பிளஸ் பானம் மருந்தல்ல. இழந்த உப்பை ஈடுகட்டும் அளவு உப்பு அதில் இல்லை, சர்க்கரைதான் கூடுதல். மருந்தகத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சரி. அது கைக்குக் கிடைக்கும்வரை, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தேக்கரண்டியால் தலைதட்டிய ஆறு அளவு சர்க்கரையும் அரை அளவு உப்பும் கரைத்து, மடக்கு மடக்காகக் குடிக்கலாம். வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். பட்டினி போட வேண்டாம். கஞ்சியும் தாய்ப்பாலும் தொடரட்டும்.

நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உடம்பில் நீர் வற்றும்போது மெட்ஃபோர்மின் உடம்பிலேயே தேங்கித் தீங்கு செய்யலாம்; வேறு சில மருந்துகள் சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம். ஒன்றும் சாப்பிடாமல் வழக்கமான அளவு இன்சுலின் போட்டால் சர்க்கரை சரியும். அடியோடு நிறுத்தினாலோ அபாயமாக ஏறும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

மலத்தில் ரத்தம், 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு மடக்குத் தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குழப்பமான பேச்சு, கட்டுக்கடங்காத தூக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், நீரிழிவுக்காரர் என்றால் இத்தனை அறிகுறிக்குக் காத்திராமல் முதல் நாளே போக வேண்டும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரே ஒரு ரிங்கிட். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடக் காரணமில்லை.

தேவைப்பட்டால் மலமும் ரத்தமும் சோதிப்பார்கள். உணவு நச்சு, 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஆகவே என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சமைத்தது, வேறு யார் சாப்பிட்டார்கள் என்று மருத்துவர் துருவினால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கெஞ்சிக் கேட்பது இதைத்தான்

சூடாகவே வைத்திருங்கள், இல்லையென்றால் குளிரவே வைத்திருங்கள். இடையில் வெதுவெதுப்பாக விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

சூடாகக் கொண்டுபோக விரும்பினால் நல்ல வெப்பக்குடுவை வாங்குங்கள். கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க உணவை நிரப்பி உடனே மூடுங்கள். அரைகுறையாக நிரப்பினால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும்.

குளிரக் கொண்டுபோவதென்றால் முந்தின இரவே சமைத்து, ஆற்றி, டப்பாவோடு பிரிட்ஜில் வையுங்கள். காலையில் உறைந்த குளிர்க்கட்டியோடு வெப்பம் புகாத பையில் எடுத்துப் போய், அலுவலகம் சேர்ந்ததும் அங்குள்ள பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மதியம் நடுவிலும் ஆவி வரும்படி ஒரே ஒருமுறை சூடாக்குங்கள். சமைத்த சோற்றை பிரிட்ஜிலும் ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். மூடியின் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவுங்கள். சோற்றைக் கையால் பிசையாமல் கரண்டியால் கலக்குங்கள்.

வேலையிடத்தில் பிரிட்ஜ் இல்லாத தொழிலாளர்கள் பலர் இருக்கிறார்கள். முதலாளிமார்களே, மேலாளர்களே, ஒரு சின்ன பிரிட்ஜும் ஒரு மைக்ரோவேவும் உங்களுக்குப் பெரிய செலவல்ல. அது வரும்வரை அவர்கள் முழு வாழைப்பழம், ரொட்டி, கடலை, திறக்காத மீன் டப்பா போன்ற, சூட்டில் கெடாதவற்றை எடுத்துப் போகலாம்.

மிச்சம் வைத்ததை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து இரவில் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். சோற்றை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு அதைக் கொட்டக் கை வராது என்பது தெரியும். நாளைக்கு ஒரு கரண்டி குறைவாகக் கட்டுங்கள். இன்றைக்கு மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.