மாரிக் குளிரில் தாராக்களைப் பேணல்

தாரா நீரில் வாழும் பறவையாதலின் மழையும் குளிரும் அதனை வருத்தா என்று கமக்காரர் பலர் கருதுவர். இது பாதியளவே உண்மையாகும். தாராவின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுண்டு. அவ்வெண்ணெயை அலகினால் எடுத்து இறகெங்கும் பூசிக்கொள்ளும். மேலிறகு நீரைத் தடுக்க, உள்ளிருக்கும் மெல்லிய தூவி உடற்சூட்டைக் காக்கின்றது. ஆயின், இரவு முழுவதும் சேற்றிலும் எச்சத்திலும் படுக்கும் தாராவின் இறகு அழுக்கேறி நனைந்துவிடும். அதன்மேல் வாடைக் காற்றும் வீசினால் சூடு விரைவில் நீங்கும், பறவை நலியும், முட்டையும் குறையும்.

ஈரமும் காற்றும் கூடினால் விளையும் கேட்டை நம் நாடு 2022 டிசம்பரில் கண்டது. மாண்டஸ் புயலின்போது வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மாடுகளும் ஆடுகளும் பெருந்தொகையாகக் குளிரால் மடிந்தன. ஆகவே மாரி தொடங்குமுன் பின்வருவனவற்றைச் செய்தல் வேண்டும்.

கூடு: நீர் தேங்காத மேட்டில் அமைக்க. தாரா ஒன்றுக்கு 4 சதுர அடி இடம் வேண்டும். 12 தாராக்களுக்கு 8 அடி நீளமும் 6 அடி அகலமும் போதும். காற்று வீசும் வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகினால் அடைக்க. ஆயினும் கூரையின்கீழ் ஓர் அடி திறந்திருத்தல் வேண்டும். முற்றாக அடைத்தால் எச்சத்தின் காரநெடி தங்கிக் கண்ணையும் சுவாசத்தையும் கெடுக்கும்.

படுக்கை: உமியை அல்லது உலர்ந்த வைக்கோலை 4 அங்குலத் தடிப்பிற்குப் பரப்புக. நனைந்த பகுதியை நாள்தோறும் அகற்றிக் கூட்டெருக் குவியலிற் சேர்த்தால் மரக்கறித் தோட்டத்திற்கு நல்ல பசளையாகும். மாரிக்கு வேண்டிய உமியை முன்னரே நனையாது சேமிக்க.

நீர்: மூக்குத்துவாரம் மூழ்குமளவு ஆழமான பாத்திரத்தில் வைக்க. தாரா நீரைச் சிந்துமாதலால் பாத்திரம் படுக்கைக்குத் தூரத்தில் இருத்தல் நன்று.

உணவு: குளிரில் உணவு சற்று மிகுதியாக வேண்டும். தவிட்டுக் கலவையை நீர் தெளித்துப் பிசைந்து அவ்வப்போதே கொடுக்க. மாலையிற் சிறிது நெல் இடுக. பூஞ்சணம் பிடித்த சோளத்தையோ கடலைப் பிண்ணாக்கையோ ஒருபோதும் கொடுக்கலாகாது. அதிலுள்ள நஞ்சு தாராக்களை, விசேடமாகக் குஞ்சுகளை, எளிதிற் கொல்லும்.

குஞ்சுகள்: கோழியால் அடைகாக்கப்பட்ட குஞ்சுகளுக்குத் தாய்த்தாராவின் இறகெண்ணெய் கிடைப்பதில்லை. ஆதலின் 4 வாரம் வரை மழையிலும் குளத்திலும் விடாதீர்கள். முதல் வாரத்தில் ஏறக்குறைய 90 பாகை பரனைட்டுச் சூடு தேவை. பின்னர் படிப்படியாகக் குறைக்கலாம். குஞ்சுகள் விளக்கினடியில் நெருங்கிக் குவிந்தால் சூடு போதாது. விலகி மூச்சுவாங்கினால் சூடு மிகுதியென அறிக.

இறகு சிலிர்த்து, உணவு கொள்ளாது ஒதுங்கி நிற்கும் தாராவை உடனே பிரித்து உலர்ந்த இடத்தில் வைத்து, மிருக வைத்தியரின் ஆலோசனையைப் பெறுக.