சிங்கத்துக்கு வந்தது பூனைக்கும் வருமா?

2021 மே மாதம். நம் ஹைதராபாத் மிருகக்காட்சி சாலையில் எட்டுச் சிங்கங்களுக்குக் கொரோனா என்று செய்தி வந்தது. என் பேத்தி பூனையை அணைத்துக்கொண்டு, "தாத்தா, இதுக்கும் வருமா?" என்றாள்.

இந்த வைரஸ் ஒரு சாவி. உயிரணுவின் மேலிருக்கும் ஏசிஇ-2 என்ற புரதம்தான் பூட்டு. வைரஸ் ஒட்டுமிடத்தில் 25 அமினோ அமிலங்கள் முக்கியம். 2020இல் விஞ்ஞானிகள் 410 முதுகெலும்புள்ள விலங்குகளின் பூட்டை மனிதப் பூட்டோடு கணினியில் ஒப்பிட்டு வரிசைப்படுத்தினார்கள். பூனை இனத்துக்கு நடுத்தர அபாயம், வெள்ளைவால் மானுக்கு அதிகம் என்று வந்தது. மறு வருஷமே அமெரிக்கக் காட்டு மான்களிடம் தொற்றின் தடயம் கிடைத்தது!

ஆனால் மிங்க் என்ற பிராணிக்கு அபாயம் மிகக் குறைவு என்றது அதே பட்டியல். டென்மார்க் பண்ணைகளிலோ அதற்குத்தான் காட்டுத்தீயாகப் பரவியது. நெருக்கமான கூண்டும், தினம் தீனி போடும் மனிதர்களும் பூட்டுக் கணக்கில் வரமாட்டார்களே!

ஜூனில் வண்டலூரில் நோய் கண்ட பெண் சிங்கம் ஒன்று இறந்தது. கணினி சொல்வது தீர்ப்பல்ல, யாரை முதலில் காக்கணும் என்ற எச்சரிக்கை. பேத்தியிடம் சொன்னேன்: "வரலாம்மா. உனக்கு ஜுரம்னா அதைக் கொஞ்சாதே."