வாசுதேவன்: மேடையிலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்கு

ஐரோப்பிய ஆப்பராவில் மிக உயரவும் போகாத, அடியிலும் தங்காத கனத்த ஆண்குரலுக்குப் பாரிடோன் என்று பெயர். அப்பா, வில்லன் போன்ற வேடங்கள் பெரும்பாலும் அதற்குத்தான். 1948இல் பெர்லின் மேடையேறிய ஃபிஷர்-டீஸ்காவ் அதன் பெரும்புள்ளி.

நம் மண்ணிலும் நாடகமேடை அப்படியொரு கனத்த குரலை வளர்த்தது. 1944இல் மலாயாவில் மலையாளக் குடும்பத்தில் பிறந்த வாசுதேவன், இங்குள்ள தமிழ் நாடகக் குழுவில் பாடி நடித்துப் பழகியவர். பிறகு சென்னைக்குக் கப்பலேறினார். நாட்டின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ள, மலேசியா வாசுதேவன் ஆனார்.

சில ஆண்டுகள் காத்திருப்புதான். 1977இல் ‘16 வயதினிலே’ படம் வந்தது. எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குத் தொண்டை கட்டியதால் இளையராஜா இவரைப் பாடவைத்தார் என்பார்கள். அடுத்தவரின் சளியால் திறந்த கதவு! ‘முரட்டுக்காளை’யில் ரஜினிக்கும் (1980), ‘முதல் மரியாதை’யில் சிவாஜிக்கும் (1985) குரல் கொடுத்தார். சிவாஜி என்றாலே டி.எம். சௌந்தரராஜன் என்று பழகிய காதுகள் இதையும் ஏற்றுக்கொண்டது சின்ன விஷயமல்ல.

‘ஒரு கைதியின் டைரி’ படத்தில் வாசுதேவனே வில்லன். ஆப்பராக்காரர்கள் வியந்திருக்க மாட்டார்கள்.

2011 பிப்ரவரி 20 அன்று சென்னையில் காலமானார். மலேசியாவின் கூலாய்த் தோட்டப்புறத் திருமண வீடுகளில் அவர் குரல் இன்னும் கேட்கிறது.